இராசசுந்தரி தேவி: தன் கதையைத் தானே எழுதிய தாய்

பெண்பிள்ளை எழுத்தறிந்தால் அவளுடைய கணவனுக்கு ஆயுள் குறையும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வங்காளத்தின் வசதியான குடும்பங்களிற்கூட இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியிருந்தது. புத்தகம் ஒன்றைக் கையிலெடுத்த பெண் விதவையாவாள் என்று முதிய பெண்களே இளம் பெண்களை எச்சரித்தனர். அத்தகைய காலத்தில் நாட்டுப்புறமொன்றிற் பிறந்து, பாடசாலை வாங்கில் மாணவியாக ஒருநாளும் அமராது, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த குடும்பப் பெண் ஒருவர், தம் முதுமையிலே தமது வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி அச்சேற்றினார். அவரே இராசசுந்தரி தேவி. அவருடைய நூலின் பெயர் ‘ஆமார் ஜீபன்’. ‘எனது வாழ்க்கை’ என்பது அதன் பொருள். வங்காள மொழியில் வெளிவந்த முதலாவது தன்வரலாறு என்று அறிஞர் பலர் அதனைக் குறிப்பிடுவர்.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இந்த அம்மையாரின் வரலாற்றைச் சொல்ல நாம் விரும்பியமைக்குக் காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம். முதலில் அவர் வாழ்ந்த வாழ்வைப் பார்ப்போம்.

இராசசுந்தரி 1810ஆம் ஆண்டையொட்டி, பப்னா மாவட்டத்தின் பொதாஜியா என்னும் கிராமத்திற் பிறந்தார். இன்று அவ்வூர் பங்களாதேசத்தில் இருக்கிறது. தந்தையார் பத்மலோசன் ராய் மகளின் குழந்தைப் பருவத்திலேயே காலமானார். ஆகையால் தாயே அவருக்கு எல்லாமாக இருந்தார். சிறுமி மிகவும் பயந்த சுபாவம் உடையவர். மற்றப் பிள்ளைகள் சீண்டினால் திருப்பிச் சொல்லத் தெரியாமல் அழுதுவிடுவார். பயம் வரும்போது குலதெய்வமான தயாமாதவரைக் கூப்பிடு, அவர் எங்கிருந்தாலும் கேட்பார் என்று தாய் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு சொல்லை மகள் தம் வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய வீட்டின் வெளிக்கட்டிலே ஆண்பிள்ளைகளுக்கான பாடசாலையொன்று நடந்துவந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அங்கு கற்பித்தார். வெளியே விளையாடப் போனால் மற்றப் பிள்ளைகள் மகளைத் துன்புறுத்துவார்களென்று எண்ணிய பெரியவர்கள், அவரை அந்தப் பாடசாலையிலே கொண்டுபோய் இருத்திவிட்டனர். படிப்பதற்காக அல்ல, பாதுகாப்பாக இருப்பதற்காக. ஆண்பிள்ளைகள் எழுத்துகளை எழுதி உரக்கச் சொல்வதைக் கேட்டவாறு சிறுமி பேசாமல் உட்கார்ந்திருப்பார். யாரும் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. ஆனால் காதில் விழுந்த ஓசைகளும் கண்ணிற் பட்ட வடிவங்களும் அவருடைய மனத்திற் பதிந்துகொண்டன. அவருக்குப் பத்து வயதளவில் அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. பாடசாலையும் அத்தோடு நின்றுபோயிற்று.

பன்னிரண்டாவது வயதிலே திருமணம் நடந்தது. மணமகன் பரித்பூர் மாவட்டத்தின் ராம்தியா கிராமத்தைச் சேர்ந்த நிலவுடைமைக் குடும்பத்தவரான சீதாநாத். திருமணம் என்றால் என்னவென்று சிறுமிக்குத் தெரியாது. மேளதாளமும் புதுச் சேலையும் மகிழ்ச்சியையே தந்தன. தாயை விட்டுப் பிரிந்து நெடுந்தூரம் போகவேண்டும் என்பது புறப்படும் வேளையிலேதான் புரிந்தது. அன்று அழுத அழுகையை அறுபது வயதிலும் அவர் மறக்கவில்லை. நல்லவேளையாக மாமியார் அன்பானவர். அழுதுகொண்டு வந்த சிறுமியை மடியில் வைத்துத் தேற்றினார். தாயின் மடிபோலவே அது இருந்ததென்று பின்னாளில் நன்றியோடு எழுதிவைத்தார் மருமகள்.

அந்த நிழலும் நீண்டநாள் நிலைக்கவில்லை. மாமியார் நோயுற்றுப் பார்வையை இழந்தார். பதினான்கு வயதளவில் ஒரு பெரிய வீட்டின் உள்வேலை முழுவதும் இராசசுந்தரியின் தலையில் விழுந்தது. வெளிவேலைக்குப் பணியாட்கள் இருந்தனர். ஆனால் உள்வீட்டில் அவர் தனியாள். நாளுக்கு இருவேளை இருபத்தைந்து பேரளவிற்குச் சமைக்கவேண்டும். தெய்வத்துக்குப் படைக்கவேண்டும். மாமியாரைப் பராமரிக்கவேண்டும். முகத்தை முழுதாக மூடிய முக்காட்டுடன், குரல் வெளியே கேளாமல், இவையனைத்தையும் செய்யவேண்டும். அதே காலத்திலேதான், 1824ஆம் ஆண்டில், எமது யாழ்ப்பாணத்து உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒரே வயதுடைய சிறுமியரில் ஒருத்தி ஏட்டைக் கையிலெடுக்க, இன்னொருத்தி அகப்பையை எடுத்தாள்.

பதினெட்டாவது வயதில் முதற் பிள்ளை பிறந்தது. நாற்பத்தோராவது வயதிற் கடைசிப் பிள்ளை. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளும் எப்படிப் போயின என்று தமக்கே தெரியாதென்ற விதமாகவே அவர் அந்தக் காலத்தை நினைவுகூருகிறார். ஒருநாள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தமது சோற்றின் முன்னே உட்காரும் வேளையில் வாசலுக்கு ஒருவர் பசியோடு வந்தார். தம் பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டார். அதன் பின் உண்ண நினைத்தபோதெல்லாம் ஒரு வேலை வந்தது, அல்லது ஒரு பிள்ளை அழுதது. இப்படியாக இரண்டு நாட்கள் அவர் சாப்பிடவில்லை. அந்த நிறைந்த வீட்டில் அதை ஒருவரும் கவனிக்கவுமில்லை, அவர் ஒருவரிடமும் சொல்லவுமில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, ஏட்டிலேதான் சொன்னார்.

இன்னொரு நிகழ்ச்சி. கணவர் சவாரி செய்யும் குதிரையின்மேல் மூத்த மகனை ஏற்றி, தாய் பார்க்கட்டுமென்று உள்முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகனைப் பார்க்க ஆசை. ஆனால் கணவருடைய குதிரையல்லவா, அதன் கண்ணிற் படலாமா என்று கூச்சமடைந்து கதவின் பின்னே ஒளிந்துகொண்டார். குதிரைக்குமுன் நாணியதை எண்ணிப் பின்னாளில் அவரே சிரித்தார். படிக்கும் எமக்குச் சிரிப்பும் வருகிறது, அதன் பின்னே வேறொன்றும் நெஞ்சில் தைக்கிறது.

அவர் வாழ்வின் ஆறாத புண் தாயின் மரணம். தாய் நோயுற்றிருக்கும் செய்தி வந்தபோது போய்ப் பார்க்க அவரால் இயலவில்லை. குடும்ப வேலையை விட்டு மருமகளை அனுப்ப வழியில்லை. தாய் இறந்தபோதும் அருகில் இருக்கக் கிடைக்கவில்லை. தாம் மகனாகப் பிறந்திருந்தால் எத்தனை தூரமானாலும் பறந்துபோய்ச் சேர்ந்திருப்பேனே என்ற ஏக்கத்தை அவர் மறைக்காமல் எழுதினார். பெண்ணாகப் பிறந்ததற்காக அவர் கடிந்துகொண்ட மிகச் சில இடங்களுள் இது ஒன்று.

இந்த வாழ்வுக்குள்ளேதான் எழுத்தறியும் ஆசை முளைத்தது. இறைவன் புகழைச் சொல்லும் நூல்களைத் தாமே வாசிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். வெளியே சொன்னால் ஏளனமும் ஏச்சுமே மிஞ்சும். ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், சைதன்ய பாகவதத்தைத் தாம் வாசிப்பதாக ஒரு கனவு கண்டார். கண்விழித்தபோது உடல் சிலிர்த்தது. அன்றைய தினமே, தற்செயலாகக் கணவர் அந்த நூலை உள்ளே வைத்துவிட்டு, தேவைப்படும்போது கேட்பேன் என்று மகனிடம் சொல்லிச் சென்றார். குசினியிலிருந்து அது காதில் விழுந்தது.

எழுத்துத் தெரியாதவர் அந்த நூலை எப்படி அடையாளம் காண்பது? அக்காலத்து ஏடுகள் இன்றைய புத்தகங்கள்போலத் தைக்கப்பட்டவை அல்ல. உதிரித் தாள்களை இரு மரப்பலகைகளுக்கு இடையே வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் பலகையிலிருந்த சித்திரத்தைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரேயொரு தாளை உருவி எடுத்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலைகளில் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் குசினியில் மறைத்துவைத்தார்.

அதன் பின் நடந்ததை நாம் சற்று நிதானமாக எண்ணிப்பார்க்கவேண்டும். இடக்கையில் தாள், வலக்கையில் அகப்பை. முக்காட்டின் மறைவில் ஓர் எழுத்தைப் பார்ப்பார். அதைப்போன்ற எழுத்து மகனின் ஓலையில் எங்கே இருக்கிறதென்று தேடுவார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னே வெளிக்கட்டுப் பாடசாலையிற் கேட்ட ஓசைகளை நினைவிலிருந்து மீட்டெடுத்து அந்த எழுத்தோடு பொருத்திப் பார்ப்பார். யாரேனும் வரும் காலடி கேட்டதும் தாள் மறைந்துவிடும். கைப்பிள்ளை ஒருபுறம், கொதிக்கும் உலை மறுபுறம். ஆசிரியரும் இல்லை, அரிச்சுவடியும் இல்லை. இவ்வாறு எழுத்துக்கூட்டிக் கூட்டி, காலப்போக்கில் அந்த நூலையே வாசிக்கக் கற்றுக்கொண்டார். கல்கத்தாவில் பெத்தூன் துரை பெண்களுக்கான பாடசாலையைத் திறந்தது 1849ஆம் ஆண்டிலே. அதற்குப் பல ஆண்டுகளின் முன்னரே ராம்தியாவின் அடுப்படியில் ஒரு மாணவி தேர்ச்சி பெற்றுவிட்டார்.

விதவைகளாக வீடு திரும்பிய மைத்துனிமார் அறிந்தால் என்ன சொல்வார்களோ என்று அவர் அஞ்சினார். நம்பிக்கையான பெண்கள் சிலருடன் மறைவிடத்தில் அமர்ந்து, எவரேனும் வருகிறார்களா என்று பார்க்க ஒருத்தியை நிறுத்தி, வாசித்துக் காட்டினார். ஈற்றில் மைத்துனிமார் அறிந்தபோது அவர்கள் கோபிக்கவில்லை. தாங்களும் கற்கவேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். அச்சம் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே இருந்தது. ஆசையும் அப்படியே இருந்திருக்கிறது.

வாசிக்கத் தெரிந்தவர் எழுதக் கற்க மேலும் நெடுங்காலம் சென்றது. வாசிப்பை அடுப்படியில் மறைக்கலாம். எழுதுவதற்கோ தாள், மை, பேனை, ஓரிடம், ஓய்வு எல்லாம் வேண்டும். கல்கத்தாவிற் படித்துக்கொண்டிருந்த மகன் ஒருவர், தாம் எழுதும் கடிதங்களுக்குத் தாயிடமிருந்து பதில் வருவதில்லையே என்று குறைப்பட்டார். தாய்க்கு எழுதத் தெரியாதென்று அறிந்ததும் தாளும் பேனையும் மைக்கூடும் கொண்டுவந்து கொடுத்து, கட்டாயம் பதில் எழுதவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். பின்னர் கணவருடைய சிகிச்சைக்காக வேறோர் ஊரிலே மகன் ஒருவரின் வீட்டில் தங்க நேர்ந்தபோது வீட்டுவேலை குறைந்தது. அந்த ஓய்விலேதான் இராசசுந்தரி எழுதக் கற்றார். ஒரு தாயின் தன்வரலாறு இவ்வாறு ஒரு பிள்ளையின் கடிதத்துக்குப் பதிலாகத்தான் தொடங்கியது எனலாம்.

1868ஆம் ஆண்டையொட்டிக் கணவர் காலமானார். விதவைக்கோலத்தின் துயரத்தையும் இராசசுந்தரி எழுதினார். அறுபது வயதையொட்டிய அக்காலத்திலேதான் அவருடைய நூலின் முதற் பகுதி உருவானது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. எண்பத்தெட்டாவது வயதில் அதனை மேலும் விரித்து இரண்டாம் பகுதியையும் எழுதினார். இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் தாகூரும், வங்க இலக்கிய வரலாற்றறிஞர் தினேஷ் சந்திர சென்னும் அந்நூலைப் பாராட்டி முன்னுரை வழங்கினர். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு வாழ்ந்து, அம்மையார் மறைந்தார். நூறாண்டு கழிந்த பின்னும் ஆய்வாளர் அவரை மறக்கவில்லை. வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார் அந்நூலை ஆராய்ந்து 1999இல் தனிநூலொன்றே வெளியிட்டார்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? போர்களும் அரசியலும் அதில் முன்னிற்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் வங்காளத்தில் நிகழ்ந்த பெரும் மாற்றங்களைப் பற்றி அறிய வேறு நூல்கள் ஆயிரம் உண்டு. இவர் எழுதியது உண்ணாதிருந்த சோற்றைப்பற்றி, குதிரைக்கு ஒளிந்ததைப்பற்றி, மாமியாரின் மடியைப்பற்றி. இவற்றை வேறெவரும் எழுதியிருக்க முடியாது. இவர் எழுதியிராவிட்டால் அந்த இருபத்தைந்து பேருக்கு உணவு எங்கிருந்து வந்தது என்பதே உலகுக்குத் தெரிந்திராது.

அந்த நூலில் எம்மை நிறுத்திவைக்கும் பகுதி ஒன்று உண்டு. பன்னிரண்டு பிள்ளைகளுள் எழுவரை அவர் தம் கண்முன்னே பறிகொடுத்தவர். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி, போனவர்கள் எந்தெந்த வயதிற் போனார்கள் என்றும் அவர் பதிவுசெய்தார். சிலர் குழந்தைகள். சிலர் வளர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை, படம் இல்லை. இன்று அவர்கள் இருந்தார்கள் என்பதற்குத் தாய் எழுதிய அந்தப் பக்கமே சான்று. குடும்ப நினைவைக் காப்பது என்றால் என்னவென்று எவராவது கேட்டால், நாம் காட்டவேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அவர் எவர்மேலும் பழி சுமத்தவில்லை. கணவரைப் பற்றி மரியாதையோடு சில பக்கங்களே எழுதினார். ஆனால் தம்முடைய துன்பத்தை இல்லையென்றும் சொல்லவில்லை. தாயைப் பார்க்கவிடாத வாழ்வைக் கூட்டிலடைத்த பறவையின் வாழ்வாகக் கண்டார். உண்மையை மறைக்காமலும் உறவுகளைப் புண்படுத்தாமலும் எழுத முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு அவருடைய நூல் நல்லதொரு வழிகாட்டி.

அன்பார்ந்த சகோதரிகளே, இனி இந்த வரலாற்றை இம்மலரிற் சேர்த்த காரணத்துக்கு வருகிறோம்.

இம்மலருக்காகப் பழைய புகைப்படங்களைச் சேகரித்தபோது, வரிசையாக நிற்கும் மாணவியரின் முகங்கள் பல கிடைத்தன. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, கூர்ந்து பார்க்கும் கண்கள். பின்புறத்தைத் திருப்பினால் வெறுமை. ஆண்டு இல்லை, பெயர் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய அக்காமார் பலர் இன்று எம்முடன் இல்லை. இருக்கின்றவர்களும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலுமாகச் சிதறியிருக்கிறார்கள். எமது மக்களுடைய ஏடுகள் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கையிற் பிள்ளையையும் தலையில் மூட்டையையும் சுமந்தவர்களால் அல்பங்களையும் தினக்குறிப்புக் கொப்பிகளையும் எடுத்துவர முடியவில்லை. பலருடைய வீட்டில் அம்மம்மாவின் ஒரு படங்கூட எஞ்சவில்லை. படம் போனால் போகட்டும், அம்மம்மாவை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரைதான் காலம்.

எமக்கு எழுத என்ன இருக்கிறது, நாம் என்ன பெரிய மனிதரா என்று எம்மிற் பலர் சொல்வதுண்டு. இராசசுந்தரியும் பெரிய மனிதரல்லர். நேரமில்லை என்போம். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவருக்கு நேரம் இருந்ததா? வயதாகிவிட்டது என்போம். அவர் எண்பத்தெட்டில் எழுதினார். எழுத்து வராது என்போம். அவர் எழுதப் பழகியதே முதுமையின் வாசலில். நாமோ அரிச்சுவடியிலிருந்து உயர்வகுப்புவரை ஆசிரியர்கள் கைப்பிடித்து எழுதக் கற்பித்த பிள்ளைகள். அவர் ஒளித்து வைத்துப் பெற்றதை எமக்கு மேசைமேல் வைத்துத் தந்தார்கள்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் உங்கள் பெயர், பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், அவர்களின் பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஆச்சிமாரின் இயற்பெயர்களைக் கட்டாயம் எழுதுங்கள். வீட்டிற் கூப்பிட்ட பெயர் மட்டும் தெரிந்திருந்து, உண்மைப் பெயர் தெரியாத பேரப்பிள்ளைகள் இன்று மிகப் பலர். அடுத்த பக்கங்களில் வீட்டை எழுதுங்கள். கிணறு எங்கே இருந்தது, முற்றத்தில் என்ன மரம் நின்றது, குசினியில் யார் சமைத்தார்கள், யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள். பிறகு பாடசாலையை எழுதுங்கள். எந்த வழியால் நடந்துவந்தீர்கள், எந்த ஆசிரியையின் ஒரு சொல் இன்றும் நினைவிருக்கிறது, பக்கத்தில் இருந்த பிள்ளை யார். இடம்பெயர்ந்திருந்தால் எந்த நாள், எந்தப் பாதை, எதை எடுத்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எழுதுங்கள். இழந்தவர்களின் பெயரையும் வயதையும் எழுதுங்கள்.

கையிலிருக்கும் புகைப்படங்களின் பின்னால் ஆண்டையும் பெயர்களையும் பென்சிலால் மெதுவாகக் குறியுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். எழுதக் கை நடுங்கும் மூத்தவர்கள் இருந்தால், பேத்தியை அருகில் இருத்திச் சொல்லச் சொல்ல எழுதுவியுங்கள், அல்லது கைபேசியிற் குரலைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். எழுதியதை ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். ஒரே இடத்தில் வைத்த ஏட்டுக்கு என்ன நேரும் என்பதை எமது தலைமுறை அறியும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் தாய்மாரிடம் கேளுங்கள். இராசசுந்தரியின் மகன் பதில் கேட்டுத் தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்ததனாலேதான் அந்தத் தாயின் கை எழுத்துக்குப் பழகியது. எமது வீடுகளிலும், கேட்க ஒருவர் இல்லாததனாலே சொல்லாமல் இருக்கும் தாய்மார் பலர் இருக்கிறார்கள்.

எமது சங்கத்துக்கு இன்று நூறு வயது. அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுக்கப்போகும் மாணவியர் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் எமது படங்களைத் திருப்பிப் பார்க்கும்போது அங்கே பெயர்கள் இருக்கட்டும்.